பாட்டு நின்ற பிறகு சிபியு ஏன் திணறுகிறது?

[திரையில்: ஆர்டோர், மேலே டி.எஸ்.பி. மீட்டர்]

ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் இந்த மீட்டரைப் பாருங்கள், ஒலியைக் கணக்கிட சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும். பாட்டு ஓடும்போது லோடு 20 சதவீதம். இப்போது நிறுத்துகிறேன். ரிவெர்ப், அதாவது எதிரொலி எஃபெக்ட், மெல்ல அடங்குகிறது. காதுக்கு ஒன்றுமே எட்டவில்லை. ஏறக்குறைய 20 விநாடி கழித்து லோடு குபுகுபுவென ஏறுகிறது. கடைசியில் எக்ஸ்ரன், அதாவது ஒலியை நேரத்துக்குள் கணக்கிட முடியாமல் போவது; பட்டென்று ஒரு சத்தம்.

வேலையே இல்லாத நேரத்தில் லோடு ஏறினால், முதலில் டிநார்மல் எனப்படும் மிக மிகச் சிறிய எண்களைச் சந்தேகப்படுங்கள்.

[திரையில்: தேய்ந்துகொண்டே போகும் அலை]

கணினி தசம எண்களை வைக்கும் 32 பிட் ஃப்ளோட் வடிவத்தில் சாதாரணமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் சுமார் 1.18 × 10⁻³⁸. டெசிபலில் சுமார் மைனஸ் 759. அதற்கும் கீழே போகும் எண்கள்தான் டிநார்மல். 60 டெசிபல் இறங்க ஒன்றரை விநாடி எடுக்கும் ரிவெர்ப், முழு அளவிலிருந்து இங்கே வந்து சேர 19 விநாடி ஆகும். பல இன்டெல் சிப்கள் இந்த எண்களை நேரடியாகக் கணக்கிடாமல், சிப்புக்குள்ளேயே இருக்கும் மெதுவான நிரலான மைக்ரோகோடிடம் அனுப்புகின்றன. சில சைக்கிளில் முடியும் பெருக்கல் நூறு சைக்கிளைத் தாண்டிவிடும்.

சரி, தானாகவே பூஜ்யம் ஆகிவிடாதா? ஆகாது, சிக்கலே அங்கேதான். ஒரு ஃபில்டர் மதிப்பை 0.999-ஆல் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. ஃப்ளோட்டின் கடைசிப் படி 1.4 × 10⁻⁴⁵. மதிப்பு அப்படி 500 படிகளுக்கு வந்ததும், பெருக்கினால் 499.5, ரவுண்ட் செய்தால் மறுபடியும் 500. அங்கேயே மாட்டிக்கொள்ளும், எத்தனை மணி நேரமானாலும்.

உறுதிப்படுத்த ஒரு எளிய வழி: அந்த டிராக்கில் காதுக்கு எட்டாத அளவு இரைச்சலைக் கலந்துவிடுங்கள். லோடு சட்டென்று இறங்கினால் இதுதான் காரணம்.

[திரையில்: பிரிஃபரன்ஸ், டிநார்மல் பகுதி]

ஆர்டோரில் ஃப்ளஷ் டு ஜீரோ, டிநார்மல்ஸ் ஆர் ஜீரோ இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலாவது, விடையாக வரும் டிநார்மலைப் பூஜ்யமாக்கும். இரண்டாவது, உள்ளே வருவதை. சிப் முதலாவதை மட்டும் ஆதரித்தால், சிக்னலோடு ஒரு மிகச் சிறிய மாறாத மதிப்பைக் கூட்டும் டி.சி. பயாஸ் துணைக்கு இருக்கிறது.

அப்புறம், சொந்தமாக பிளக்கின் எழுதுபவர்களுக்கு: இந்த இரண்டும், சிப்பில் ஃப்ளோட் கணக்கைக் கட்டுப்படுத்தும் எம்.எக்ஸ்.சி.எஸ்.ஆர். ரிஜிஸ்டரின் 15-ஆம், 6-ஆம் பிட்கள். ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி. மெயின் திரெட்டில் போட்டுவிட்டு ஏற்கெனவே ஓடும் ஆடியோ திரெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது. ஆடியோ கால்பேக் தொடங்கும் இடத்திலேயே போடுங்கள், வெளியேறும்போது பழைய மதிப்பைத் திருப்பி வையுங்கள்.

[திரையில்: நிறுத்தி 30 விநாடி, மீட்டர் 20-க்கும் கீழே]