ஏடிவிக்கு கேபின் உறை: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

[காட்சி: விடியற்காலை. பனி மூடிய நீளமான பாதை. முன்னால் பனி தள்ளும் பிளேடு பூட்டிய ஏடிவி, அதன் மேல் கறுப்புத் துணிக் கூண்டு.]

வணக்கம். மணி ஆறரை. வெளியே மைனஸ் 15 டிகிரி செல்சியஸ். நான் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்துக்குக் கொஞ்சம் வடக்கே. வீட்டு வாசலிலிருந்து தார் ரோடு வரைக்கும் 400 அடி மண் பாதை. ராத்திரி பெய்த பனியைத் தள்ளி ஒதுக்கினால்தான் கார் வெளியே போக முடியும். அந்த வேலைக்குத்தான் இந்த ஏடிவி, அதாவது மோட்டார் சைக்கிள் போல ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும், கரடுமுரடான தரையிலும் போகும் நான்கு சக்கர வண்டி.

வண்டி மேல் கூடாரம் மாதிரி ஒன்று தெரிகிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். மழைக் காலத்தில் நம் ஊர் ஆட்டோவில் இரண்டு பக்கமும் படுதா இறக்கிவிடுவார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே யோசனைதான். இரும்புக் குழாயிலோ அலுமினியக் குழாயிலோ ஒரு சட்டம். அதன் மேல் தடித்த துணி. முன்னால் கண்ணாடி போல ஒரு வின்ட்ஷீல்டு, பக்கத்தில் ஜிப் வைத்த கதவுகள். மொத்தத்தையும் வண்டியின் முன் கேரியரிலும் பின் கேரியரிலும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவோம். இங்கே கடைகளில் கேபின் உறை என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் யூஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டியை விற்க ஆரம்பித்தது. இன்றைய ஏடிவிகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை, அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று டீலர்கள் கேட்டதிலிருந்து பிறந்த வண்டி அது. குளிர்காலத்துக்கென்றே வந்த வண்டிக்குக் குளிரைத் தடுக்க ஒரு சுவர்கூட இல்லை. ஐம்பது வருடம் கழித்தும் அந்தக் குறையைத்தான் இந்தத் துணியால் மூடப் பார்க்கிறோம்.

[காட்சி: ஹேண்டில்பார் மேல் உறைந்த கையுறை. பின்னணியில் காற்றின் சத்தம்.]

சரி, உறை எதற்கு? பலரும் சூட்டுக்கு என்பார்கள். உண்மையில் காற்றுக்குத்தான். நம் உடம்பு தன்னைச் சுற்றி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மைனஸ் 15-ல் 30 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 26. மைனஸ் 20-ல் அதே காற்று என்றால் மைனஸ் 33. 2001-லிருந்து அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் சூத்திரம் தரும் எண்கள் இவை. இந்தக் கணக்கில் மைனஸ் 28-க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. மரம்கூட அசையாத நாளாக இருந்தாலும், நீங்கள் 30-ல் வண்டி ஓட்டினால் முகத்துக்கு அதே அடிதான்.

உறை செய்யும் பெரிய உதவி இதுதான். மைனஸ் 26 ஆகத் தெரிய வேண்டிய குளிரை மைனஸ் 15-லேயே நிறுத்திவிடும். கூடவே, கால்களுக்கு நடுவே இருக்கும் இன்ஜினின் சூடு வீணாகாமல் உள்ளேயே சுற்றி வரும். என் வண்டியில் பத்து நிமிடம் பனி தள்ளினால் முழங்கால் பக்கம் இதமாகிவிடும். விரல்களுக்கு மட்டும் அது போதாது. ஹேண்டில்பார் பிடியைச் சூடாக்கும் கம்பிச்சுருள் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடுங்கள், நல்ல செலவு.

12 வோல்ட் ஹீட்டர் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த ஹீட்டர்கள் பெரும்பாலும் 150 வாட். வீட்டில் ஒரு சின்ன அறைக்கு வைக்கும் ஹீட்டர் 1500 வாட். பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, இடுக்கெல்லாம் காற்று நுழையும் துணிக்கூண்டில் என்ன செய்ய முடியும்? அந்த 150 வாட்டுக்கே 12 ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும். பிளேடைத் தூக்கி இறக்கும் வின்ச்சும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. கேஸ் ஹீட்டரை உள்ளே வைக்கும் பேச்சே வேண்டாம். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

[காட்சி: வண்டியின் பின்பக்கம். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. கூண்டின் பின் திரை சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறது.]

இந்த வீடியோவில் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் பாருங்கள்.

உறை வாங்கிய முதல் குளிர்காலம். முன் கண்ணாடியை இறுக்கி, இரண்டு கதவு ஜிப்பையும் கடைசி வரை ஏற்றிவிட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்க வேண்டுமே என்று பின் திரையை மட்டும் சுருட்டிக் கட்டினேன். நாற்பது நிமிடம் பனி தள்ளியிருப்பேன். நெற்றிப்பொட்டில் மந்தமான வலி, லேசான குமட்டல். காலையில் டீ குடிக்காததால் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பனிக்கு டீ குடித்துவிட்டுத்தான் போனேன். அதே தலைவலி. மூன்றாவது முறை, வீட்டில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தை, அதாவது புகையில் இருக்கும் அந்த விஷ வாயு வந்தால் கத்தும் கருவியை, கழற்றி எடுத்துப்போய் ஹேண்டில்பாரில் கட்டினேன். வேலை பாதிகூட முடியவில்லை, அது அலற ஆரம்பித்துவிட்டது. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது குளிரால் அல்ல.

நடந்தது இதுதான். வண்டி முன்னால் நகரும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. முன்பக்கம் அடைத்து, பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால், வெளியே போக வேண்டிய புகை சுழன்று உள்ளே வருகிறது. அப்புறம் ரிவர்ஸ் எடுக்கும்போது, நாமே விட்ட புகைக்குள் நாமே போகிறோம். பனி தள்ளுவது முழுக்க முன்னே பின்னே போகிற வேலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் இருந்தாலே ஆபத்து. கேஸ் ஹீட்டர் எரிந்தாலும் இதே வாயு வரலாம், அதனால்தான் அதை உள்ளே வைக்க வேண்டாம் என்றேன்.

இப்போது நான் செய்வது: வின்ட்ஷீல்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் திறப்பை எப்போதும் நான்கு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிறேன். முன்னாலிருந்து சுத்தமான காற்று வந்து பின்னால் போகிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் இன்ஜினை அணைக்கிறேன். ஷெட்டுக்குள் வைத்து, கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம் என்று வண்டியைச் சூடு பண்ணுவதில்லை, வெளியே தள்ளிக்கொண்டு வந்துதான் ஸ்டார்ட் செய்கிறேன். வீட்டு அலாரங்கள் உறைகுளிரில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை அல்ல. அதனால் குளிர் தாங்கும், கையில் எடுத்துப்போகிற மீட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். ஓட்டும்போது உங்களுக்குத் தலை வலித்தால் உடனே இன்ஜினை அணைத்து இறங்கி வெளிக்காற்றுக்கு வாருங்கள். வெளியே வந்தும் வலியோ மயக்கமோ விடவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவ உதவி கேளுங்கள். டீயைக் குறை சொல்லிக்கொண்டு என்னைப் போல மறுபடி ஏறி உட்காராதீர்கள்.

முன்னால் வைத்த அந்த இடைவெளியால் இன்னொரு லாபமும் உண்டு. நாம் விடும் மூச்சிலும் பூட்ஸில் ஒட்டி வரும் பனியிலும் ஈரம் இருக்கிறது. காற்று ஓடாவிட்டால் அது வின்ட்ஷீல்டின் உள்பக்கம் படிந்து, அப்படியே பனிக்கட்டியாகிவிடும். ஏறுவதற்கு முன் பூட்ஸை ஒன்றோடு ஒன்று தட்டிவிட்டு ஏறுங்கள்.

[காட்சி: பக்கவாட்டுக் காற்றில் துணி படபடக்கிறது. பக்கத்தில் உறை இல்லாத ஏடிவி.]

அடுத்தது பக்கக் காற்று. உறை இல்லாத ஏடிவி கிட்டத்தட்ட இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். உறை போட்டதும் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். பக்கத்தில் இருக்கும் துணி 1.5 சதுர மீட்டர் என்று வையுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், 20 கிலோவுக்கு மேல் எடை வைத்தது போன்ற விசை பக்கத்திலிருந்து தள்ளும், அதுவும் வண்டியின் மேல் பாதியில். காற்றின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். திறந்த வெளியில், உறைந்த ஏரி மேல், இது சாதாரண விஷயம் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஏடிவியை ஹேண்டில்பாரால் மட்டும் ஓட்டுவதில்லை, உடம்பாலும் ஓட்டுகிறோம். சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கம் சாய வேண்டும், ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும். கூண்டுக்குள் உட்கார்ந்தால் தோளும் முழங்காலும் குழாயில் இடிக்கும். வண்டி கவிழ்ந்தால் குதித்து விலக வழி இருக்காது. அந்தச் சட்டம் நம்மைக் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றாது. அது துணியைத் தாங்கத்தான். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து விற்கும் புதிய பண்ணை ஏடிவிகளில் ஓட்டுநர் பாதுகாப்புச் சட்டம் கட்டாயம். வண்டி உருண்டால் ஆள் நசுங்காமல் இருக்க இடம் விடுவதற்கென்றே சோதித்துச் செய்யப்படும் பொருள் அது. மழைத்துணிக் கூண்டை அதோடு சேர்த்துப் பேசவே கூடாது.

அதனால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உறை போட்ட ஏடிவி சமதரையில் மெதுவாகச் செய்யும் வேலைக்கு: பனி தள்ள, விறகு இழுக்க, மாட்டுக்கு வைக்கோல் கொண்டுபோக. மலைப்பாதைக்கும் வேகத்துக்கும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே இருந்தாலும் ஹெல்மெட் வேண்டும். குளிர்கால வேலைக்காகவே புது வண்டி வாங்கப்போகிறவர்கள் சைட்-பை-சைட் வண்டியை, அதாவது இரண்டு பேர் கார் போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியை, பாருங்கள். ஸ்டியரிங், சீட் பெல்ட், உருண்டால் தாங்கும் சட்டம் எல்லாம் அதில் இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை எடுத்து கார் போலவே ஹீட்டர் ஓட்டலாம். விலை கூடுதல்தான்.

[காட்சி: அருகிலிருந்து. கையுறை போட்ட விரல்கள் கிளாம்ப் போல்ட்டை இறுக்குகின்றன.]

மாட்டும்போது, கிளாம்புக்கும் கேரியருக்கும் நடுவே ரப்பர் வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும், அதிர்வில் கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். துணி சிக்குகிறதா? பிரேக் கேபிள் இழுபடுகிறதா? சைலன்சர் பக்கம் துணி ஒரு கையளவாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் உருகிவிடும்.

இந்த ஜிப்பைப் பாருங்கள். பற்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிவது பனி இல்லை, மெழுகு. ஈரம் பட்ட ஜிப் மைனஸ் 15-ல் பூட்டு போட்டது போல உறைந்துவிடும். சாதாரண மெழுகுவர்த்தியை எடுத்து பற்களின் மேல் நாலு தடவை தேய்த்தால் தண்ணீர் ஒட்டாது. இழுக்கும் நுனியில் ஒரு கயிற்று வளையம் கட்டியிருக்கிறேன், தடித்த கையுறையோடு இரண்டு விரல் நுழையும் அளவுக்கு. உள்பக்கமும் ஒன்று, வெளிப்பக்கமும் ஒன்று.

அந்த வளையம் வசதிக்காக மட்டும் இல்லை. இங்கே பலர் இந்த உறையோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டி சின்ன ஏடிவிக்கு 5 முதல் 7 அங்குலம், சைட்-பை-சைடுக்கு 7 முதல் 8 அங்குலம் இருக்க வேண்டும் என்று மினசோட்டா இயற்கை வளத்துறை சொல்கிறது. வெள்ளையாகக் கலங்கிய பனிக்கட்டிக்கு அவ்வளவு வலு கிடையாது. பனிக்கட்டி உடைந்து வண்டி இறங்கினால், ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஏரிக்குள் இறங்குவதற்கு முன் கரையிலேயே இரண்டு கதவையும் கழற்றி வண்டியில் கட்டிவிடுங்கள். குளிரும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: ஷெட். வெயில் உள்ளே விழுகிறது. சுருட்டி வைத்த உறை.]

கடைசியாகப் பராமரிப்பு. பாலிகார்பனேட் வின்ட்ஷீல்டு எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பெட்ரோலும் வேண்டாம், அதை மங்கலாக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி போதும். கொசு மருந்து தடவிய கையோடும் தொடாதீர்கள், அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

மெல்லிய வினைல் ஜன்னல்கள் குளிரில் விறைத்துவிடும். மைனஸ் 15-ல் மடித்தால் அந்த மடிப்பிலேயே விரிசல் விடும். என்னுடைய இடது கதவில் ஒட்டுப் போட்டிருப்பது அப்படி விழுந்த விரிசலுக்குத்தான். ஏப்ரலில் வெயில் வந்ததும் உறையைக் கழற்றுவேன். முழுக்கக் காய்ந்த பிறகு, இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு பழைய காட்டன் வேட்டியை விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, பரணில் படுக்க வைத்துவிடுவேன். மேலே எதையும் வைப்பதில்லை.