மெதுவாக, ஆனால் ரொம்பவும் அல்ல

கொங்கு நாட்டு நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. இன்றைக்கு ஒரே ஒரு செல்லோ இசையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். செல்லோ வயலின் குடும்பம்தான், ஆனால் ஆள் பெரியது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார்கள். குரல் ஏறக்குறைய ஆண்குரல்.

இசையின் பெயர் கோல் நித்ரே. ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் புரூக் 1880இல் எழுதியது. யூதர்கள் பாவமன்னிப்பு கேட்டு நோன்பிருக்கும் நாளுக்கு முந்திய மாலையில் பாடும் பழைய மெட்டை வைத்து எழுதினார்; பெயரும் அந்தப் பாட்டின் பெயர்தான். கடவுளிடம் நேர்ந்துகொண்டு செய்ய முடியாமல் போனவற்றிலிருந்து விடுவிக்கச் சொல்வது அந்தப் பாட்டின் வாசகம். நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பழனிக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்வோம். காய்ச்சல் விட்டதும் காவடியும் மறந்துவிடும். அப்புறம் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அம்மாயி கேட்பார், "அந்தக் காவடி என்னாச்சு கண்ணு?" அப்போது நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு வருமே, அந்த உணர்வுதான் இந்த இசை.

இதைப் பெரிய துக்கம் என்று எடுத்துக்கொண்டு இழுத்து இழுத்து வாசிக்கிறார்கள். எனக்கு இதில்தான் சண்டை. நீண்ட நாள் சண்டை. இசைத் தாளின் தலைப்பிலேயே புரூக் எழுதியிருக்கிறார், மெதுவாக, ஆனால் அளவு மீறாமல் என்று. பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள்.

ஓதுவார் தாளமில்லாமல் விருத்தமாகத் திருவாசகம் பாடக் கேட்டிருப்பீர்கள். பேரூர் பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சொல்லில் நிற்பார், மூச்சு வாங்குவார், அடுத்ததை எடுப்பார். நிற்கிறார் என்பதற்காகப் பாட்டு நின்றுவிடுகிறதா? இல்லை. பொருள் உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது. புரூக்கின் தொடக்கமும் அப்படித்தான். வாத்தியக் குழு சன்னமாக ஆரம்பித்துக் கொடுக்கும், பிறகு செல்லோ துண்டு துண்டாகப் பேசும். நடுவில் சின்னச் சின்ன மௌனங்கள், கோயிலில் பாடுபவர் தொண்டை அடைத்து நிற்பதைப்போல. அந்த மௌனத்தை எண்ணி விட வேண்டும். சுரத்தை நீட்டி அதை நிரப்பினால் போச்சு. செல்லோக் கலைஞர் காசல்ஸ் 1936இல் லண்டன் குழுவோடு பதிவு செய்ததைக் கேளுங்கள். மௌனம் மௌனமாகவே இருக்கும்.

சரி, சுருதிக்கு வருவோம். டி மைனர். அதாவது டி என்ற சுரத்தை ஷட்ஜமாக வைத்த, சோகச் சாயலுள்ள மேற்கத்திய சுரவரிசை. நம் காதுக்கு நடபைரவியும் கீரவாணியும் கலந்த சாயல். செல்லோவின் நான்கு தந்திகளில் டி, ஏ இரண்டும் உண்டு. அதாவது ஷட்ஜமும் பஞ்சமமும் விரல் வைக்காமலே ஒலிக்கும். மரம் முழுக்க அதிரும். வேறு சுருதியில் மாற்றி வாசித்தால் அந்தக் கனம் கிடைக்காது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். புரூக் யூதரே அல்ல, புராட்டஸ்டன்ட். இந்த இசையைக் கேட்டுவிட்டுப் பலர் அவரை யூதர் என்றே நம்பிவிட்டார்கள். அவர் பெர்லினில் ஒரு பாடகர் குழுவை நடத்தியபோது அங்கே யூதர்களும் பாடினார்கள். லிக்டென்ஸ்டைன் என்ற யூதக் கோயில் பாடகர் மூலம் அவர்களுடைய மெட்டுகள் பழக்கமாயின. காது திறந்திருந்தது, அவ்வளவுதான். எழுதிய ஊர் எது தெரியுமா? இங்கிலாந்தின் லிவர்பூல்! அங்கே வாத்தியக் குழுவின் நடத்துநராக இருந்தார். ஜெர்மானியர், யூத மெட்டு, ஆங்கிலேய ஊர். இப்போது கோவையில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் பகுதியை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அறைக்கு வெளியிலிருந்து கை காட்டுகிறார்கள், சுருக்கிவிடுகிறேன். அங்கே டி மைனர் டி மேஜராகும், அதாவது பளிச்சென்ற சுரவரிசையாகும். ஷட்ஜம் அசையாது, காந்தாரம் ஏறும், சங்கராபரணம் வந்துவிடும். வேகமும் கொஞ்சம் கூடும், ஹார்ப் என்ற பெரிய யாழ் போன்ற வாத்தியமும் சேரும். அந்த மெட்டு ஐசக் நாதன் என்ற லண்டன்காரரின் தொகுப்பிலிருந்து வந்தது. அதற்குக் கவிஞர் பைரன் எழுதிய வரிகள் பாபிலோன் நீர்க்கரையில் அழுதவர்களைப் பற்றியவை. அழுகைப் பாட்டு மேஜரில் இருக்கிறது பாருங்கள்! முதல் பகுதியை இழுத்துவிட்டால் இந்த மாற்றம் காதில் ஏறவே ஏறாது. ஹார்ப்பைப் பற்றி இன்னும்... நேரம் முடிந்ததாம். நன்றி, வணக்கமுங்க.