ஈபி இல்லாமல் கன்டெய்னர் வீடு ஓடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "சார், 40 அடி கன்டெய்னரை வீடாக்கப் போகிறேன். ஈபி கனெக்‌ஷனே வாங்காமல் சோலார், பேட்டரியில் ஓட்டலாமா? ஒரு ஏசி உண்டு."

ஓட்டலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். 40 அடிக்கு 8 அடி, கூரை 320 சதுர அடி. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வைத்தால் 3 கிலோவாட் பேனல். நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஒன்றரை டன் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் 8 யூனிட் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏஎச் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படி ஓட்டினால் ஒரு யூனிட்கூட முழுதாகத் தராது. ஏசிக்கு மட்டுமே ஒன்பது பேட்டரி! தெருவில் லைன் போகிற ஊரில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தையும் விட்டுவிட்டு எதற்கு இது? வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு தருகிற பிஎம் சூர்ய கர் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதுவும் ஈபியோடு இணைத்த சோலாருக்குத்தான்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த ஏசி ஏன் நிற்காமல் ஓடுகிறது? வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு என் பதில் தெரியும். முதலில் நிழல், அப்புறம்தான் யூனிட். மொட்டை மாடிக்குச் சொன்னேன், தகர ஷெட்டுக்குச் சொன்னேன், இதற்கும் அதேதான். மணலி பக்கம் ஒரு யார்டில் கன்டெய்னரை ஆபீஸாக்கி இருந்தார்கள். மதியம் ஏசி உள்ளே ஓடும், ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் இருப்பார்கள்! அங்கே கணக்கு எழுதுகிற பெரியவர், பேச ஆரம்பித்தால் விடமாட்டார், பெட்டிமேல் சவுக்குக் கம்பு கட்டிக் கீற்று போட வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரித்தவர்கள்தான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

கீற்று தீப்பிடிக்கும், நீங்கள் போட வேண்டாம். பேனலையே ஓரடி தூக்கிப் போடுங்கள். நடுவே காற்று போகும், கரண்டும் வரும், கூரைக்கு நிழலும் ஆச்சு. ஸ்டாண்டை கூரைத் தகட்டில் ஓட்டை போட்டு நிறுத்தாதீர்கள். அது மெல்லிய தகடு. பாரம் தாங்குவது மூலைத் தூண்களும் ஓரத்து இரும்பும்தான். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பாகவே வாங்குங்கள், உங்கள் ஊர் உப்புக்காற்று வெறும் பெயிண்டுக்கு அடங்காது.

இன்னொன்று, வீடு முழுக்க இரும்பு. ஒரு ஒயர் உரசினால் சுவரே ஷாக் அடிக்கும். பெட்டிக்கு எர்த், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, இரண்டும் போட்ட பிறகுதான் மெயினை ஆன் செய்ய வேண்டும். மேற்குச் சுவருக்கு, வெப்பத்தைத் தடுக்கிற நுரை வைத்த பஃப் பேனலை வெளிப்பக்கம் அடியுங்கள். உள்ளே அகலம் ஏற்கெனவே 7 அடி 8 அங்குலம்தான்.