உழைப்பா? உளவா? – பாலுக்கு உறை ஊத்துன கதை

நடுவர் அவர்களே, ரெண்டு அணி பேச்சாளர்களே, சாப்பாட்டு ஹால் கதவு எப்ப திறக்கும்னு திரும்பித் திரும்பி பாத்துக்கிட்டு இருக்கற பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம். குடுத்திருக்கறது எட்டு நிமிஷம், அதனால வணக்கம் இவ்ளோதான்.

2023 சீசன்ல நம்ம மிச்சிகன் யுனிவர்சிட்டி டீம் அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சாம்பியன் ஆனது உழைப்பாலயா உளவாலயா? நான் உழைப்பு. எனக்கு முன்னாடி பேசுன அக்கா உளவு. அக்கா நம்ம பரம எதிரி ஒஹையோ ஸ்டேட் டீமோட ஊரான கொலம்பஸ்ல இருந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்து, நம்ம ஊர் மேடைல நின்னு, நம்ம காபிய குடிச்சிட்டு, நம்மள பாத்து என்ன சொன்னாங்க? "பிட்டு அடிச்சு பாஸானவன் மார்க் ஷீட்ட ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டின கதைதான் மிச்சிகன் கோப்பை"ன்னு சொன்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நடுவர் ஐயா கூட சிரிச்சாரு, நான் பாத்தேன் ஐயா.

இதுக்கு பதில் சொல்லாம நான் இறங்க மாட்டேன். ஆனா முன்வரிசைல ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காக விஷயத்த சட்டுனு சொல்லிடறேன். இங்க ஃபுட்பால்னா கைல பந்த வச்சுக்கிட்டு முட்டிக்கறது. ஒவ்வொரு முட்டுக்கு முன்னாடியும் கோச்சுங்க கோட்டுக்கு வெளிய நின்னு கைய ஆட்டி, படம் போட்ட பெரிய போர்ட தூக்கி காட்டி ஜாடை சொல்லுவாங்க, ஏன்னா ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ வைக்கலாம்னு காலேஜ் ஃபுட்பால்ல 2024லதான் அனுமதிச்சாங்க. அந்த ஜாடைய எதிர் டீம் பாத்து புரிஞ்சுக்கிட்டா தப்பு இல்ல. டிவில வந்த ஆட்டத்த போட்டு பாத்து கண்டுபிடிச்சாலும் தப்பு இல்ல. ஆனா அடுத்து ஆடப்போற டீமோட ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி நேர்ல நோட்டம் பாக்கக்கூடாது, அது 1994ல இருந்து தடை. காசு இருக்கற காலேஜ் ஊர் ஊரா ஆள் அனுப்பும், இல்லாதவன் என்ன பண்ணுவான், அதுக்காக போட்ட ரூல். நம்ம டீம்ல கானர் ஸ்டாலியன்ஸ்னு ஒரு சின்ன ஸ்டாஃப், அவரு இந்த வேலைய பண்ணிட்டாருன்னு 2023 அக்டோபர்ல வெடிச்சுது. கேஸு அவ்ளோதான்.

இப்ப பிட்டுக்கு வரேன். எங்க வீட்டு கதைய சொன்னா உங்களுக்கு புரியும். என் மனைவி நாலாவது வரிசைல இருக்காங்க, வீட்டுக்கு போனதும் எனக்கு என்ன நடக்கும்னு தெரியும், பரவால்ல.

யார் வீட்டுக்கு விருந்துக்கு போனாலும் எங்களுக்குள்ள ஒரு ஜாடை உண்டு. அவங்களுக்கு கிளம்பணும்னு தோணுச்சுன்னா சும்மா பேச்சுவாக்குல, "ஏங்க, பாலுக்கு உறை ஊத்தணும்ங்க"ன்னு சொல்லுவாங்க. அத கேட்ட அஞ்சாவது நிமிஷம் நான் ஷூ மாட்டிருக்கணும். பல வருஷமா ஓடுன பிளே, ஒரு தடவ கூட சொதப்பினது இல்ல. கேன்டன்ல நம்ம ஃபிரெண்டு ஒருத்தர் வீடு, அவர் மனைவிய நாங்க அண்ணின்னு கூப்பிடுவோம். அண்ணி மூணு தடவ கவனிச்சிருக்காங்க. முதல் தடவ, உறை ஊத்தணும்னாங்க, நாங்க கிளம்பினோம். ரெண்டாவது தடவ, உறை ஊத்தணும்னாங்க, நாங்க கிளம்பினோம். மூணாவது தடவ என் மனைவி "ஏங்க, பாலுக்கு..."ன்னு வாய திறக்கறாங்க, அண்ணி நேரா ஃப்ரிட்ஜ திறந்து, ஒரு பெரிய டப்பா தயிர எடுத்து எங்க நடுவுல டீப்பாய் மேல டொக்குனு வச்சுட்டு, "உறையே வேணாம், தயிராவே எடுத்துட்டு போங்க, இப்ப உக்காருங்க"ன்னாங்க பாருங்க! நைட்டு ஒன்றரை மணி வரைக்கும் உக்காந்திருந்தோம் ஐயா. அவங்க ஊட்டி போன ஃபோட்டோ ஃபுல்லா பாத்தோம். குதிரை ஃபோட்டோ மட்டும் நாப்பது.

அதோட விட்டாங்களா? என் மனைவி ஜாடைய மாத்திட்டாங்க. பெரிய பெரிய டீமெல்லாம் மூணு பேர நிக்க வச்சு கைய ஆட்டும், ஒருத்தர் ஆட்டறதுதான் நிஜம், மத்த ரெண்டும் டூப்பு. அதே மாதிரி இவங்களும், இருமினா டூப்பு, வளையல திருப்பினா டூப்பு, "வெளிய ஸ்னோ பெய்யுதா"ன்னு கேட்டாதான் நிஜம். கார்ல போகும்போது எனக்கு ரெண்டு தடவ பாடம் எடுத்தாங்க. நான் எங்க கேட்டேன், ரேடியோல ஆட்டம் ஓடுது. அங்க போய் பாயசம் குடிச்சிட்டு இருக்கேன், வளையல் லேசா திரும்புச்சு, நான் டம்ளர கைல வச்சுக்கிட்டே எந்திரிச்சுட்டேன். வீடே என்ன பாக்குது. ஃபால்ஸ் ஸ்டார்ட்! அஞ்சு யார்டு பெனால்டி! அந்த பெனால்டி வீட்ல ஒரு வாரம் ஓடுச்சு.

சிரிக்கறீங்க. இப்ப அக்காவுக்கு கேள்வி. அண்ணி பண்ணது பிட்டா? அவங்க வீட்ல, அவங்க கண்ணு முன்னாடி நடந்தத கவனிச்சாங்க. அது சாமர்த்தியம். சரி, அண்ணி நோவிங்கற பக்கத்து ஊர்ல நடந்த வேற ஒரு பார்ட்டிக்கு ஆள் அனுப்பி, என் மனைவி எப்ப இருமறாங்கன்னு ஃபோன்ல படம் புடிச்சு வரச்சொன்னா அது தப்பு, ஒத்துக்கறேன். ஸ்டாலியன்ஸ் பண்ணது அதுதான். அதுலயும் அந்த மனுஷன் எப்படி பண்ணாரு தெரியுமா, பிக் டென்னு நம்ம டீம் ஆடற லீக்ல 11 காலேஜோட ஆட்டத்துக்கு, 30 ஆட்டத்துக்கு மேல, தன் சொந்த பேர்ல டிக்கெட் வாங்கிருக்காருன்னு செய்தி வந்துச்சு. சொந்த பேர்ல! கூப்பிடாத கல்யாணத்துக்கு உளவு பாக்க போனவன் மொய் நோட்டுல பேரு, ஊரு, அப்பா பேரு எழுதிட்டு வந்த மாதிரி. இதுக்கு போய் உளவுன்னு பேர் வச்சா ஒற்றாடல்னு தனி அதிகாரமே எழுதி வச்ச வள்ளுவர் கோச்சுக்க மாட்டாரா?

ஆனா முக்கியமான விஷயம் அது இல்ல. அந்த தயிர் டப்பா. அண்ணிக்கு ஜாடை புரிஞ்சுது, சரி. ஃப்ரிட்ஜ்ல தயிர் இல்லன்னா என்ன பண்ணிருப்பாங்க? புரிஞ்சும் வாசல்ல நின்னு டாட்டா காட்டிருப்பாங்க! தயிர் இருந்துச்சு, ஏன்னா முந்தின நாள் ராத்திரி அவங்க உறை ஊத்தி வச்சிருந்தாங்க. அதான்க்கா உழைப்பு. நீங்க எவ்ளோ ஜாடைய வேணா திருடுங்க, எதிர்ல 140 கிலோ ஆளு ஓடி வரும்போது ஜாடை தெரியும்னு சொன்னா நிப்பானா?

கணக்கும் வேணுமா? நவம்பர் 3ஆம் தேதி ஸ்டாலியன்ஸ் ராஜினாமா பண்ணிட்டாரு. அதுக்கப்புறம் ஏழு ஆட்டம், ஏழும் ஜெயிச்சோம். அலபாமாவ ரோஸ் பவுல் செமிஃபைனல்ல 27-20. வாஷிங்டன ஃபைனல்ல 34-13. நடுவுல ஒஹையோ ஸ்டேட்ட 30-24, அந்த ஆட்டத்தன்னிக்கு எங்க கோச் ஹார்பாவே கிரவுண்டுல இல்ல. அக்கா அன்னிக்கு எந்த ஜாடை போச்சு? சொல்லுங்க. சிரிக்கறாங்க, பதில் வரல.

குறையே இல்லன்னு நான் சொல்லல. ஸ்டாலியன்ஸ் குளத்துல ஃபோன போட்டாருன்னு ரிப்போர்ட்ல படிச்சப்ப எனக்கே அசிங்கமா இருந்துச்சு. 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி காலேஜ் விளையாட்டு சங்கத்தோட தீர்ப்பு வந்துச்சு, ஃபைன் மட்டும் 2 கோடி டாலர தாண்டும்னு சொன்னாங்க, டீமுக்கு நாலு வருஷம் ப்ரொபேஷன், ஸ்டாலியன்ஸுக்கு எட்டு வருஷம் தடை, பழைய கோச் ஹார்பாவுக்கு பத்து வருஷம் தடை. வாங்கிக்கறோம். ஆனா கோப்பைய எடுத்தாங்களா? ஒரு வெற்றியையாவது அழிச்சாங்களா? இல்லையே. அக்கா ஊர்ல மட்டும்தான் அழிப்பாங்க. எங்க கூட ஆடற வாரத்துல அங்க காலேஜ் ஃபுல்லா போர்டுல இருக்கற எம் எழுத்து மேல எல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடிச்சு வச்சிருப்பாங்க. மெடிக்கல் சென்டர்ல எம்ம அடிச்சா என்ன மிஞ்சும்னு அக்கா யோசிக்கணும்.

நடுவர் ஐயா வாட்ச்ச பாக்கறாரு. இன்னும் ஒண்ணே ஒண்ணு, முடிச்சுக்கறேன்.

அந்த 2023 நவம்பர்ல எங்க அம்மா மன்னார்குடில இருந்து வந்து எங்ககூட இருந்தாங்க. எம் பையன் அப்ப ஆன் ஆர்பர்ல, அதே மிச்சிகன் யுனிவர்சிட்டில செகண்ட் இயர். நவம்பர் 10 வெள்ளிக்கிழமை, மறுநாள் பென் ஸ்டேட் கூட அவங்க ஊர்ல ஆட்டம், ஹார்பாவுக்கு மூணு ஆட்டம் தடைன்னு பிக் டென் சொல்லிடுச்சு. எம் பையன் ஃபோன்ல பேசறான், குரலே வரல அவனுக்கு. மறுநாள் மத்தியானம் டிவி முன்னாடி உக்காந்தோம். அம்மா பக்கத்துல அவரைக்காய் நார் உரிச்சுக்கிட்டு இருக்காங்க. ஹார்பா இல்ல, ஷெரோன் மூர்னு அசிஸ்டன்ட் கோச் ஒருத்தர் நடத்தறாரு, அவருக்கு அப்ப முப்பத்தேழு வயசு. ஒரு கட்டத்துக்கு மேல அவரு பந்த தூக்கி எறியவே விடல. வரிசையா 32 தடவ ஓட்டம். ஓடு, விழு, எந்திரி, ஓடு. அம்மா கேக்கறாங்க, "ஏன்டா, இவனுவோளுக்கு பந்த தூக்கி போடத் தெரியாதா?" "தெரியும்மா, இன்னிக்கு இப்படித்தான்." ஒளிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல அங்க. அடுத்து ஓடத்தான் போறான்னு ஸ்டேடியத்துல இருந்த லட்சம் பேருக்கும் தெரியும், அம்மாவுக்கே தெரியுது, அப்பவும் அவங்களால நிறுத்த முடியல. 24-15.

முடிஞ்சதும் மைக்க நீட்டினாங்க. மூர் அழுதுட்டாரு. சும்மா கண்ணு கலங்கினது இல்ல, தேம்பித் தேம்பி, ஹார்பா பேர சொல்லிச் சொல்லி அழறாரு. அம்மா கைல அவரைக்காய் அப்படியே நிக்குது. "யாருடா செத்துட்டா?" "யாரும் சாகலம்மா, அவங்க பெரிய கோச்ச வரக்கூடாதுன்னுட்டாங்க." "தப்பு பண்ணானா அந்த ஆளு?" எனக்கு தெரியல, என்ன சொல்ல. "விசாரிக்கறாங்கம்மா"ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் டிவியவே பாத்தாங்க. "விசாரிக்கட்டும். இந்தப் புள்ள பொய்யா அழுவுல"ன்னாங்க. எந்திரிச்சு உள்ள போய், எம் பையன் ஹால்ல விட்டுட்டு போன நீலக் குல்லா, மஞ்சள்ல எம் போட்டது, அத தலைல மாட்டிக்கிட்டு வந்து திரும்ப உரிக்க ஆரம்பிச்சாங்க. ஊருக்கு போகும்போது அத கழட்டித் தரல. இப்பவும் மார்கழில விடியக்காலைல கோலம் போட குனியும்போது அந்தக் குல்லாதான். தெருவுல எல்லாரும் எம்ஜிஆர் கட்சி குல்லான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

அக்கா, நீங்க வேணா எங்க ஊர் எம் மேல டேப் ஒட்டுங்க. அந்த ஒரு எம்ம மட்டும் விட்டுடுங்க.

2025 செப்டம்பர்ல ஒரு நாள் வீடியோ கால்ல அம்மா கேட்டாங்க, "அன்னிக்கு அழுதானே ஒரு புள்ள, அவன் நல்லா இருக்கானா?" அப்ப அவருதான் எங்க டீமுக்கு பெரிய கோச், அத சொன்னேன். சந்தோஷம் அவங்களுக்கு. அப்புறம் மெதுவா சொன்னேன், அந்த ஸ்டாலியன்ஸோட பேசுன மெசேஜ 52 அழிச்சிருக்காரும்மா, அதனால அவரையும் இந்த சீசன்ல ரெண்டு ஆட்டம் வெளிய உக்கார வச்சுட்டாங்கன்னு.

அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. குல்லாவ சரி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க:

"இப்ப இவனுக்காக யாருடா அழுவுறா?"

பெல் அடிச்சிட்டாங்க. வணக்கம்.