முதல் நூறு மீட்டரில் என்ன அவசரம்?

நேயர்களுக்கு வணக்கம். வயது வந்தபின் நெடுந்தூர நீச்சல் போட்டிக்குத் தயாராவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். நெடுந்தூரம் என்றதும் கடலை நினைக்க வேண்டாம். நான் சொல்வது குளத்தில் நீந்தும் 1500 மீட்டர். 50 மீட்டர் குளமானால் 30 நீளம், 25 மீட்டர் குளமானால் 60.

ஒலிம்பிக்கில் ஆண்கள் இந்தத் தூரத்தை 1908இலிருந்து நீந்துகிறார்கள். பெண்களுக்கு 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் வாய்ப்புக் கிடைத்தது. அதுவரை 800 மீட்டரே அவர்களுக்குப் போதும் என்று யாரோ தீர்மானித்து வைத்திருந்தார்கள்! அந்த முதல் போட்டியில் வென்றவர் கேட்டி லெடெக்கி. நம்மைப் போன்றவர்களுக்கு மாஸ்டர்ஸ் போட்டிகள் இருக்கின்றன. 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள். அறுபது வயதுக்காரருக்குப் பரிசுப் போட்டி அறுபது வயதுக்காரரோடுதான். ஆனால் நெடுந்தூரப் பந்தயங்களில் பெரும்பாலும் வயதைப் பார்க்காமல், வேகத்தைப் பார்த்தே ஒன்றாக நீந்த விடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கதை வருகிறது.

எனக்கு நெடுநாளாக ஒரே பல்லவிதான்: முதல் நூறு மீட்டரை மெதுவாக நீந்துங்கள். 'இவ்வளவு மெதுவாகவா?' என்று உங்களுக்கே கூச்சம் வர வேண்டும். தண்ணீரில் வேகம் கூடக் கூட எதிர்ப்பு அதைவிட விரைவாக ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, ஏறத்தாழ முப்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் தேவை. தொடக்கத்தில் உடம்பு புத்துணர்ச்சியோடு இருப்பதால் அது தெரிவதில்லை. அங்கே வாங்கிய கடனைக் கடைசி ஐந்நூறு மீட்டரில் வட்டியோடு கட்டுகிறோம்.

அப்படியானால் எந்த வேகம் சரி? அதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஒரு நாள் 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்தி நேரம் குறியுங்கள். நன்றாக ஓய்வெடுத்த பின் 200 மீட்டர். முதலாவது 8 நிமிடம், இரண்டாவது 3 நிமிடம் 44 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 நிமிடம் 16 நொடி. அதில் பாதி, 2 நிமிடம் 8 நொடி. நூறு மீட்டருக்கு நீங்கள் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் ஏறத்தாழ அதுதான். அதே வேகத்தில் 1500 மீட்டர் போனால் 32 நிமிடம்.

இனி பயிற்சி. பத்து முறை நூறு மீட்டர், இடையில் 15 நொடி ஓய்வு. குளத்தின் ஓரத்தில் சிவப்பு முள்ளோடு பெரிய கடிகாரம் இருக்குமே, அதைப் பார்த்துப் புறப்படுங்கள், அதைப் பார்த்தே வந்து சேருங்கள். பத்தாவது நூறு முதல் நூறின் நேரத்திலேயே முடிய வேண்டும். முதலாவதைப் பாய்ந்து நீந்திவிட்டுப் பத்தாவதில் தவிப்பவரை நான் பாராட்டுவதில்லை, அவர் எவ்வளவு வியர்த்திருந்தாலும். ஆம், தண்ணீருக்குள்ளும் வியர்க்கும்.

இப்போது கதை. எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. அவர் நீந்திய 1500இல், திரும்பும் முனையில் எண் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டும் வேலை என்னுடையது. எத்தனை நீளம் ஆயிற்று என்று நீந்துபவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? அந்த முனையில் ஒற்றைப்படை எண்கள் மட்டும்: ஒன்று, மூன்று, ஐந்து. பக்கத்து லேனில் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். மணி அடித்ததும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார். நான் ஐந்து காட்டும்போது அந்த அம்மா அரைக் குளம் பின்னால். ஒன்பதிலும் அப்படியே. எனக்குத்தான் பதற்றம், பலகையை ஆட்டி 'வேகம், வேகம்' என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அவரோ ஒரே சீராகக் கையை வீசி வந்தார், ஒவ்வொரு நூறும் ஓரிரு நொடிதான் முன்பின். பதினேழில் இளைஞரின் கை தண்ணீரைத் தட்டத் தொடங்கியது, இழுப்பு இல்லை. இருபத்தொன்றில் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அப்புறம் அம்மா முன்னால். கரையேறிய பின் பாராட்டினேன். அவர் கேட்டார், "பக்கத்து லேனில் யாராவது நீந்தினார்களா?"

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். திணறல் வருவது பெரும்பாலும் காற்றுப் போதாமல் அல்ல, உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறாமல். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும் நேரம் உள்ளிழுக்க மட்டுமே.

தோளைப் பற்றிப் பேச நிறைய எழுதி வந்தேன், அறைக் கண்ணாடிக்கு அப்பால் நேரமாகிறது என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: உள்ளங்கையில் மாட்டி நீந்தும் கைத் துடுப்புப் பலகைகளை முதல் சில மாதங்கள் தொடாதீர்கள், தூரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள், தோளின் முன்புறம் குத்தினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். காலுதைப்பு, திரும்பும் முறை இரண்டுக்கும் இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.