‘மந்திரி’ மறைத்த சொல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ விசுவாசத்தையும் தன்பாலீர்ப்பையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் போதகரும் அல்லேன், இறையியலாளரும் அல்லேன். மதுரையில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே சொற்களைப் பற்றி மட்டுமே ஓரளவு துணிந்து பேச முடியும்.

என் தங்கை மகன் 19 வயதில், சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனையன்று தனக்குக் கிடைத்த வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை என் வீட்டுக்கு வந்தான். முதலாம் கொரிந்தியர் 6ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் இரண்டு சொற்களுக்குச் சிவப்புப் பென்சிலால், அந்த மெல்லிய தாள் கிழியும் அளவுக்குக் கோடு போட்டிருந்தான். “மாமா, இது என்னைத்தான் சொல்லுதா?” என்று கேட்டான். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று அவன் வீட்டில் சொல்லி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று உபவாச ஜெபங்களும், எண்ணெய் பூசி ஆவியை விரட்டும் முயற்சி ஒன்றும் நடந்து முடிந்திருந்தன. பாடகர் குழுவிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம்.

அவன் கோடிட்ட சொற்கள் ‘சுயபுணர்ச்சிக்காரர்’, ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்பவை. அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி நூலகத்தில் கிரேக்க அகராதியைப் புரட்டியபோது, முதற்சொல்லின் மூலம் ‘மலாகோய்’, அதன் நேர்ப்பொருள் ‘மென்மையானவர்கள்’ என்று அறிந்தேன். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் அரசர் மாளிகையில் இருப்போரின் ‘மெல்லிய வஸ்திரம்’ என்று நாம் வாசிக்கும் இடத்திலும் இதே சொல்தான் நிற்கிறது. துணிக்கு மென்மை என்று எழுதிய மொழிபெயர்ப்பு, மனிதருக்கு வரும்போது வேறொரு பொருளைத் தானே தேர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் சொல் அவ்வளவு எளிதன்று. ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரு சொற்களைச் சேர்த்து, அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் எழுதிய அந்தக் கூட்டுச்சொல்லின் இரு பாதிகளும், ஆணோடு ஆண் கூடுவதை விலக்கும் லேவியராகம வசனத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அருகருகே வருகின்றன. ஆகவே அதற்கும் ஆணோடு ஆண் கூடுவதற்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாடினால் அது நேர்மையாகாது. ஆனால் எசமான் தன் அடிமையின் உடலை விருப்பப்படி பயன்படுத்திய ரோமானிய உலகில் எழுதப்பட்ட அச்சொல், ஒருவருக்கொருவர் உண்மையாய் வாழ விரும்பும் இரு சமமானவர்களையும் குறிக்குமா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இதை அவனிடம் அப்படியே சொன்னேன். இந்தப் பாவத்துக்காகவே கடவுள் அழித்தார் என்று பலரும் சொல்லும் சோதோம் என்ற ஊரைப் பற்றியும் கேட்டான். அந்த ஊரின் அக்கிரமங்களை எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் எண்ணும்போது ‘ஆகாரத்திரட்சி’ என்னும் உணவு மிகுதியையும் ஏழைக்குக் கைகொடுக்காததையும் சேர்த்தே சொல்கிறது. சபையார் கூடி உண்ணும் அசன விருந்தன்று அந்தப் பகுதியை யாரும் பிரசங்கிக்கக் கேட்டதில்லை.

பிறகு, அவன் கோடிடாத ஓர் இடத்தைக் காட்டினேன். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகும் எத்தியோப்பியரை நாம் எல்லோரும் ‘எத்தியோப்பிய மந்திரி’ என்றே ஞாயிறு பள்ளியிலிருந்து அறிவோம். மூலத்தில் ஐந்து முறை அவரைக் குறிக்கும் சொல் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், என்பது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை மந்திரி என்று மூடிவிட்டது. விதை நசுங்கினவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் விலக்கிய மனிதர் அவர். ‘நான் பட்டமரம்’ என்று அண்ணகன் சொல்ல வேண்டாம் என்று அதே வேதத்தில் ஏசாயா 56ஆம் அதிகாரம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவர் வாசித்த சுருளில் அந்த வரியும் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. இதை அறிந்த பிறகுதான், தண்ணீரைக் கண்டதும் தான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று அவர் கேட்ட கேள்வியின் நடுக்கம் எனக்குப் புரிந்தது. இரதத்தில் ஏறி அவருக்கு வேதத்தை விளக்கிய பிலிப்பு அவரை வேறு ஆளாக மாறிவிட்டு வரச் சொல்லவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். அண்ணகரும் தன்பாலீர்ப்புள்ளவரும் ஒருவரல்லர் என்பதை நான் மறக்கவில்லை. சபையின் வாசலில் உடலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டவர் எப்படி உள்ளே வந்தார் என்பதே நான் காட்டியது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 6 முதல் வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு இந்தியாவில் குற்றமன்று. மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்று பாதுகாப்புக் கேட்ட இரு இளம்பெண்களின் வழக்கில், இந்த ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தடை செய்தார். தன்பால் உறவை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல்கூட, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றே 2358ஆம் பத்தியில் சொல்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறவர்களிடம் இவற்றைச் சொல்லிப் பார்த்தேன், பெரிதாகப் பயனில்லை.

மருமகன் இப்போது வேறொரு சபையில் கடைசி பெஞ்சில் அமர்ந்து, பாமாலைப் பாட்டுகளில் தாழ்ந்த சுரத்தை யாருக்கும் கேட்காமல் பாடுகிறான். போன வாரம் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். வெகுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, “அண்ணே, அந்த மந்திரி கதையை எனக்கும் ஒருதரம் சொல்லேன்” என்றாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.