ஷ்வின் குரூசர்: பழைய சைக்கிளின் பிறந்த ஆண்டைப் படிப்பது எப்படி?

[காட்சி: தலைகீழாகக் கவிழ்த்து வைத்த சிவப்பு சைக்கிள். கேமரா பின்சக்கர அச்சை நெருங்குகிறது.]

தயவுசெய்து இந்தத் துருவை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். இந்தச் சைக்கிளின் பிறப்புச் சான்றே இதற்கு அடியில்தான் இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். டார்ச் விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்ததும் எழுத்துகள் தெளிந்து வருகின்றன, பாருங்கள்: எச், சி, அதன்பின் எண்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1895இல் இக்னாஸ் ஷ்வினும் அடால்ஃப் அர்னால்டும் தொடங்கிய நிறுவனத்தின் வண்டி இது. 1933இல் இந்த நிறுவனம்தான் 2.125 அங்குல அகல பலூன் டயரோடு சைக்கிளை இறக்கியது. தடித்த டயர், வளைந்த குழாய்கள், அகன்ற ஹேண்டில்பார் என்று நாம் இன்று குரூசர் என அழைக்கும் உருவம் அந்த டயரைச் சுற்றி வளர்ந்ததுதான்.

[காட்சி: எழுத்துகள் திரை முழுவதும்.]

இதுதான் வண்டியின் தொடர் எண். 1965 முதல் ஷ்வின் தொடர் எண்ணில் முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. ஏ என்றால் ஜனவரி. எச் எட்டாவது, ஆகஸ்ட். ஐ என்ற எழுத்தைப் பயன்படுத்தவில்லை, ஆகவே செப்டம்பருக்கு ஜே. ஆண்டில் ஏ 1965, பி 1966, சி 1967. நம் வண்டி 1967 ஆகஸ்ட். ஆனால் இது எண்ணைப் பொறித்த மாதம். பாகங்களைப் பொருத்திச் சைக்கிளை முடித்தது சில வாரங்கள் தள்ளியும் இருக்கலாம்.

எண் இருக்கும் இடமும் பேசும். 1952க்கு முந்தைய வண்டிகளில் பெடல் அச்சுக் குழாயின் அடியில் இருக்கும். அதன்பின் இடப்பக்கப் பின் அச்சருகே வந்தது. 1970இல் ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள முன்குழாய்க்கு மாறியது.

மிகப் பழைய வண்டிகளில் எண் அதிகம் உதவாது. 1948க்கு முந்தைய பதிவேடுகள் தீயில் போய்விட்டன. அங்கே உதிரி பாகங்கள்தான் சாட்சி. செயினைப் பாருங்கள்: பற்சக்கரத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கியதுபோல ஓர் அங்குல இடைவெளியில் நிற்கின்றனவா? 1950களின் நடுவிலேயே அந்த வகை வழக்கொழிந்துவிட்டது. ஸ்டாண்டு தனியாக முடுக்கப்படாமல் சட்டத்தோடே ஒன்றாக இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஷ்வின்.

[காட்சி: முன்குழாயில் பித்தளைச் சின்னம்.]

சின்னத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். டயர் நிறுவனமான பிஎஃப் குட்ரிச்சின் பெயரிலும் ஷ்வின் வண்டிகள் விற்பனையாகின. எல்ஜின் என்பது சியர்ஸ் கடையின் பெயர், செய்தவர்கள் வேறு. சின்னம் பெரும்பாலும் விற்றவரைத்தான் சொல்லும். செய்தவரை அறியக் குழாய்கள் கூடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஷ்வினில் அந்த இணைப்பு வார்த்தெடுத்ததுபோல வழவழப்பாக ஓடும்.

ஃபேண்டம் என்ற கறுப்பு நிற ஷ்வின் மாடல் கண்ணில் பட்டால் இன்னும் நிதானம் தேவை. 1949இல் வந்த அந்த அழகியை, நூற்றாண்டு விழாவுக்காக 1995இல் மீண்டும் செய்தார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்காமல் எண்ணைத் தேடுங்கள்.

[காட்சி: இரண்டு ரிம்களும் அருகருகே.]

இனி நம் சிவப்பு வண்டியின் சக்கரங்கள். பின் ரிம்மில் எஸ்-7 என்று ரிம்மின் வகைக் குறி பொறித்திருக்கிறது. 1967க்குப் பொருந்துகிறது, 26 × 1¾ அங்குல டயர் கேட்கும். முன் ரிம்மில் எஸ்-2. அதன் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர், பின்னதோ 571. ஆக, முன்சக்கரம் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. டயர் வாங்கும்போது பின்னத்தில் எழுதிய 1¾-ஐயும் தசமத்தில் எழுதிய 1.75-ஐயும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். 26 × 1.75 டயர் இந்த முன் ரிம்மில் அமரும். பின் ரிம்மில் எவ்வளவு இழுத்தாலும் ஏறாது.